அன்னாபிஷேகத்துக்கு எடுத்துவைத்த விறகு

பொதிகை மலைக்குக் கிழக்கே மேலமடையூர் என்றோர் ஊர். அந்த ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் விறகுக்கடை வைத்திருந்தார் மூக்காண்டியார். கடை என்றால் முள்வேலி அடைத்த ஒரு வெட்டவெளி. மூலையில் பனையோலை வேய்ந்த சின்னக் கொட்டகை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புளிய அடிக்கட்டை. அதன்மேல் வைத்துத்தான் அவர் விறகு பிளப்பார்; வேலை முடிந்ததும் ஓலை போட்டு மூடிவிடுவார். பெரிய விறகு ஒரு பக்கம் அடுக்கியிருக்கும். பிளக்கும்போது தெறிக்கும் சிராய், காய்ந்த தென்னம்பாளை, சுள்ளி என்று அடுப்புப் பற்றவைக்கும் சாமான்கள் இன்னொரு பக்கம் குவிந்து கிடக்கும். அவர் உள்ளங்கை இரண்டும் மரப்பட்டையைப் போலக் காய்த்துப் போயிருந்தன. திருநீற்றை எடுத்தால் அது விரலில் ஒட்டாது, உதிர்ந்துவிடும்.

விடியுமுன் ஆற்றில் முழுகிவிட்டுக் கடைக்கு வருவார். அன்றைக்குப் பிளக்கும் முதல் கட்டையை மட்டும் யாருக்கும் விற்கமாட்டார். நல்ல வைரம் பாய்ந்த புளியாகப் பார்த்து எடுத்து, பிளந்து, அதன் முனையில் அரிவாளால் மூன்று கீறல் போடுவார். நெற்றியில் இடும் பட்டை மாதிரி மூன்று கீறல். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, "இது உமக்கு" என்று சொல்லிக் கொட்டகைக்குள் அடுக்குவார். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

அந்த ஊர்ச் சுவாமிக்கு வெண்ணீற்றுநாதர் என்று பெயர். ஐப்பசிப் பௌர்ணமியில் அவருக்கு அன்னாபிஷேகம் நடக்கும். இருபத்தோரு மரக்கால் அரிசியைப் பொங்கி, லிங்கத் திருமேனி முழுவதையும் வெள்ளைச் சோற்றால் மூடி, பிறகு அந்தச் சோற்றை ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பார்கள். அந்த அரிசி வேகும் அடுப்பில் தம் விறகு எரியவேண்டும். மூக்காண்டியாருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பிள்ளை இல்லை, அதற்குக்கூட அவர் கோயிலில் போய் நின்று கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டார்.

கேட்டது கிடைக்கவில்லை. நாளுக்கு ஒரு கட்டையாக வருடம் முழுக்கச் சேர்த்ததை, அன்னாபிஷேகத்துக்கு முந்தின நாள் கைவண்டியில் ஏற்றி, மடைப்பள்ளியின் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். கோயில் மணியக்காரர் திரவியம் பிள்ளை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். பிணம் எரிக்க விறகு கொடுக்கும் கடையிலிருந்து சுவாமி அடுப்புக்கு விறகு வாங்கக்கூடாது என்பது அந்தக் கோயிலின் வழக்கம். திரும்பி வந்த கட்டைகளை மூக்காண்டியார் விற்கமாட்டார். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வெந்நீர் போடச் சும்மா கொடுத்துவிடுவார். மறுநாள் காலையில் மறுபடியும் முதல் கட்டை, மூன்று கீறல். இப்படியே பத்தொன்பது வருடம்.

"பிணத்துக்குக் கொடுப்பதை நிறுத்தித் தொலைக்கக்கூடாதா இந்த மனிதர்?" என்று நமக்கே தோன்றும். ஒருமுறை நிறுத்தியும் பார்த்தார். ஏழாவது வருடம் என்று நினைவு. ஒரு மாதம் மயானத்துக்கு விறகில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் ஒரு வண்டிக்காரர் இறந்தார். அடுத்த விறகுக்கடை ஆற்றுக்கு அக்கரையில்; ஆற்றில் வெள்ளம். அந்த வீட்டார் காய்ந்த ஓலையையும் மட்டையையும் பொறுக்கிப் போட்டு எரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஆற்றுக்குப் போன மூக்காண்டியார், பாதி வெந்த உடம்பை நாய்கள் சுற்றி நிற்பதைக் கண்டார். நாய்களை விரட்டிவிட்டுத் தாமே விறகு சுமந்து வந்து அந்த உடம்பை எரித்து முடித்தார். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த விறகை அவர் நிறுத்தவில்லை.

அவர் மனைவி செண்பகவடிவு அம்மையார் வாய்த் துடுக்குக்காரர். "உம்ம சாமிக்கு நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல போலிருக்கு. பத்தொம்போது வருசமா வாசல்ல நிக்க விறக அவரு மோந்துகூடப் பாக்கல. நீரும் விட்டபாடில்ல" என்பார். சொல்லிக்கொண்டே மூன்று கீறல் போட்ட கட்டைகளில் கறையான் ஏறாமல் கொட்டகைத் தரையில் சாம்பல் தூவுகிறவரும் அவர்தான்.

இருபதாம் வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக வானம் வெளுக்கவில்லை. வெட்டவெளியில் கிடந்த விறகெல்லாம் ஊறி, பட்டை உரிந்து, காளான் பூத்துவிட்டது. கொட்டகைக்குள் இருந்த கட்டைகள் மட்டும் எலும்புபோல் உலர்ந்திருந்தன. அன்னாபிஷேகத்துக்கு முந்தின நாள், மூக்காண்டியார் அவற்றை வண்டியில் ஏற்றி, ஓலைப்பாய் போர்த்தி, தாம் நனைந்தபடி தள்ளிக்கொண்டு போனார். பின்வாசல் தாழ்வாரத்தில் மணியக்காரரோடு நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"என்னவே மூக்காண்டி, இந்த வருசமும் பட்டைக் கட்டைய ஊர்வலம் கொண்டாந்துட்டீரா?" என்றார் திரவியம் பிள்ளை. "பாயப் போத்தி மாப்பிள்ளை மாதிரில்லா கூட்டியாராரு!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயா, எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கட்டை. அத மட்டும் அடுப்புல வச்சுக்கிடுங்க. மிச்சத்த நான் கொண்டுபோயிருதேன்."

"ஒரு கட்டைன்னாலும் சுடுகாட்டுக் கடைக் கட்டைதானவே. பொணத்த விடும், உம்ம விறகத் தொடுதோம். அதையும் விடமாட்டேன், இதையும் குடுப்பேன்னா எப்படி?"

"நம்ம சாமியே சுடுகாட்டுல ஆடுதவருதானய்யா?"

"அவரு ஆடுவாரு. அவருக்குச் சமைச்சுப் போடுதது எங்க பொறுப்பு. போம்வே, சாரல் அடிக்கு."

மூக்காண்டியார் வண்டியைத் திருப்பினார். வழியில் சேற்றில் சக்கரம் இரண்டுமுறை புதைந்தது. தள்ளிவிட ஆள் இல்லை. கடைக்கு வந்து ஒவ்வொரு கட்டையாய் இறக்கிக் கொட்டகைக்குள் அடுக்கினார்.

மறுநாள் பௌர்ணமி. விடியுமுன் எழுந்து ஆற்றுக்குப் போய்வந்து, வழக்கம்போல் முதல் கட்டையைப் பிளந்தார். கீறல் போடும்போது மனத்தில் இருந்த எரிச்சல் கைக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது கீறல் வழுக்கி, வளைந்து, பக்கத்தில் இருந்த ஒரு கணுவைப்போய் வெட்டியது. "உமக்கு ஒழுங்கா ஒண்ணு குடுக்கவும் விடமாட்டீரு" என்று முணுமுணுத்துக்கொண்டு, அந்தக் கட்டையையும் அடுக்கின்மேல் வைத்தார்.

அப்போது வேலிப் படலைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். பாய் முடைகிறவள், பேராச்சி என்று பெயர், வெளியூர்க்காரி. காய்ச்சலில் கிடந்த கணவனை வைத்தியரிடம் காட்ட அழைத்து வந்து, ஆற்றங்கரை மண்டபத்தில் தங்கியிருந்தாள். அவன் முந்தாநாள் இறந்துபோனான். ஊரில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

"அண்ணாச்சி, ரெண்டு நாளாச்சு. இனிமே வச்சிருக்க முடியாது. மயானத்துக்காரரு காஞ்ச வெறகு இருந்தாத்தான் எரியும்ங்காரு. ஊரெல்லாம் கேட்டுட்டேன், எல்லாம் ஈரமாக் கெடக்கு" என்றாள். அழுது தீர்ந்தவள் குரல் அது. கண் தானாகவே கொட்டகைக்குள் போயிற்று. "அது இருக்கே, அண்ணாச்சி."

செண்பகவடிவு அம்மையார்தான் சொன்னார்: "அது சாமிக்குள்ளதும்மா." சொன்னவரே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதி வெந்த அந்த வண்டிக்காரர் உடம்பு மூக்காண்டியார் கண்முன் வந்திருக்கவேண்டும். "சாமி இன்னும் ஒரு வருசம் பொறுப்பாரு. பத்தொம்போது வருசம் பொறுத்தவருதான" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கட்டைகள் முழுவதையும் ஏற்றினார். மயானத்தில் தகரக் கூரை ஒன்று உண்டு. அதன் கீழே மயானம் காக்கும் மாடப்பனும் அவரும் சிதை அடுக்கினார்கள். வளைந்த கீறல் போட்ட அந்தக் கட்டையை மூக்காண்டியார் தம் கையாலேயே இறந்தவனின் நெஞ்சுக்கு நேராக வைத்தார். கொள்ளி வைக்க யாரும் இல்லாததால் பேராச்சியே வைத்தாள். புளியங்கட்டை சடசடவென்று பிடித்தது.

அவர் காலிக் கொட்டகைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். உச்சிவேளை ஆகும்போது, மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். மடைப்பள்ளியில் சமைக்கும் கைலாசம் ஐயர். புகையில் கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஓய் மூக்காண்டி! எங்கே ஓய் உம்ம பட்டைக் கட்டை? சீக்கிரம் ஏத்தும்!"

மூக்காண்டியார் எழுந்துவிட்டார். "எதுக்கு சாமி?"

"எதுக்கா? விறகுக் குத்தகைக்காரன் பச்சை மரத்தை வெட்டி, எடை நிக்கணும்னு தண்ணியும் ஊத்திக் கொண்டாந்து போட்டிருக்கான். காலையிலேர்ந்து ஊதறேன், புகைதான் வரது. அண்டாவிலே தண்ணி சுடக்கூட இல்லை. சாயங்காலம் அபிஷேகம். மணியக்காரரே சொல்லிட்டார், இந்த ஒரு தடவை உம்ம விறகை எடுத்துக்கலாம்னு. ஏன் ஓய் மரமா நிக்கிறீர்?"

இருபது வருடம் கேட்க ஏங்கிய வார்த்தை அது. மூக்காண்டியார் கொட்டகையைக் கைகாட்டினார். உள்ளே தரையில் தூவிய சாம்பல் மட்டும் இருந்தது.

"காலையிலதான் சாமி... ஒரு அநாதைப் பொணத்துக்கு..."

கைலாசம் ஐயர் தலையில் அடித்துக்கொண்டார். "பொணத்தைக் கரையேத்திட்டு பகவானைப் பட்டினி போட்டுட்டீரே ஓய்! நன்னாயிருக்கு உம்ம பக்தி!" என்று கத்திவிட்டு, வந்த வழியே ஓடினார்.

அந்தச் சொல் அடியாரைச் சுட்டது. கடைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தபடி கோபுரத்தைப் பார்த்துச் சத்தம்போட ஆரம்பித்தார். "நேத்து வாசல்ல நின்னேனே, நேத்து கேட்டிருந்தா என்ன? பத்தொம்போது வருசம் வேண்டாம்னீரு. இன்னைக்கு என் கையில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு ஆளு அனுப்புதீரா? நான் என்னய்யா செஞ்சேன் உமக்கு? பசிச்சுக் கெடக்கேன்னு சொல்லி அனுப்பினா நான் எத வச்சு அடுப்பெரிப்பேன்?"

அப்படிச் சுற்றிவரும்போது முழங்கால் எதிலோ இடித்தது. அடிக்கட்டை. முப்பது வருடம் வெயில் காய்ந்த புளிய வேர்க்கட்டை. மேலே ஓலை மூடியிருந்ததால் உள்ளே ஈரம் இறங்கியிருக்காது. அவர் கோடாரியை எடுத்தார்.

"இந்தாரும், இத ஒடைச்சிட்டு நாளைக்கு எதுல வச்சுப் பொளப்பீரு? வவுத்துக்கு என்ன செய்யுதது?" என்று ஓடிவந்தார் செண்பகவடிவு அம்மையார்.

"நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"உமக்குப் பைத்தியம், உம்ம சாமிக்கு அதுக்கு மேல" என்று திட்டிக்கொண்டே அந்த அம்மையார் குனிந்து ஆப்பைப் பிடித்துக்கொண்டார்.

புளிய வேரைப் பிளப்பது லேசான காரியம் இல்லை. நார் குறுக்கும் நெடுக்கும் ஓடும். ஒரு ஆப்பு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இன்னொன்று தெறித்து அவர் காலில் பட்டது. கோடாரிக் காம்பு முறிந்தது. மாற்றுக் காம்பு போட்டு அடித்தார். கடைசியில் கட்டை நான்காகப் பிளந்தபோது அவருக்கு நிற்கத் தெம்பில்லை. அதையும் சிறிதாக்கி, கட்டி, மேலே பாய் சுற்றி, தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

பின்வாசலை நெருங்கும்போதே வெந்த அரிசி மணம் வந்தது. உள்ளே அடுப்பு மூன்றும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. அண்டாக்கள் கொதித்துப் பொங்கின.

திரவியம் பிள்ளை வாசலில் நின்றார். "போம்வே, ஒண்ணும் வேண்டாம். அய்யரு திரும்பி வாரதுக்குள்ள தீ தானாப் புடிச்சிக்கிட்டு. உம்ம நம்பியிருந்தா இன்னைக்கு மானம் போயிருக்கும்."

மூக்காண்டியார் சுமையை இறக்கி ஈரக்கல்லில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மழை அவர்மேல் பெய்தது. "சாப்பாடு ஆயிட்டுல்லா, அது போதும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். சற்றுப் பொறுத்து, "ஆனா என் விறகுமேல மட்டும் உமக்கு அப்படி என்ன வெறுப்பு? அத மட்டும் சொல்லிரும், நான் போயிருதேன்" என்றார். சன்னதியில் மணி அடித்தது. வெள்ளைச் சோற்றில் சுவாமி மறைந்து நின்ற கோலத்தை ஊரே பார்த்தது. அவர் எழுந்து போகவில்லை. உள்ளே போனால் அழுதுவிடுவோம் என்று பயந்தார்.

அபிஷேகம் முடிந்து, ஊரார் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுப்பைத் தணிக்கக் கைலாசம் ஐயர் எரிந்து மிஞ்சிய கட்டைகளை இழுத்துப்போட்டுத் தண்ணீர் தெளித்தார். ஒரு கட்டையைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கருகாத முனையில் மூன்று கீறல். அடுத்ததைப் புரட்டினார். அதிலும் மூன்று கீறல். இழுத்த கட்டை ஒவ்வொன்றிலும் இருந்தது. ஆவி பறக்க ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஓய், இதை எப்போ கொண்டாந்து வச்சீர்?"

மூக்காண்டியார் அதைப் பார்த்தார். மூன்றாவது கீறல் வழுக்கி, வளைந்து, கணுவை வெட்டியிருந்தது. "நான் வைக்கல சாமி. இது அந்த மனுசன் நெஞ்சுமேல நான் வச்சது."

மணியக்காரர் காதில் அது விழுந்தது. அவர் முகம் வெளிறியது. "அடப் பாவி! சிதையில இருந்து உருவிக் கொண்டாந்து சாமி அடுப்புல வச்சிட்டியேவே! இருபத்தோரு மரக்கால் அன்னமும் தீட்டாப் போச்சே! ஊரே தின்னுட்டுப் போயிருக்கே!" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. அடிக்கக் கை ஓங்கினவர்களும் உண்டு. கைலாசம் ஐயர்தான் குறுக்கே வந்தார். "இருங்கோ. உருவியிருந்தா அங்கே பொணம் வெந்திருக்காது. போய்ப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்றார்.

மழை விட்டிருந்தது. எல்லோரும் மயானத்துக்குப் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே பேராச்சி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். மாடப்பன் கோலால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"யாரும் விறகு எடுத்தாங்களாவே?" என்றார் மணியக்காரர்.

"எடுக்கவா? காலையில இருந்து நான் நகரலியே சாமி. இந்த அம்மாவும் நகரல. நல்ல விறகு. இந்த மழையிலயும் உடம்பு பூவா வெந்துட்டு, பாருங்க" என்றார் மாடப்பன். சாம்பலின் ஓரத்தில் கிடந்த கட்டை முனைகளைக் கோலால் தள்ளினார். எல்லாவற்றிலும் மூன்று கீறல். அவற்றில் ஒன்றில், மூன்றாவது கீறல் வழுக்கி, வளைந்து, கணுவை வெட்டியிருந்தது.

கைலாசம் ஐயர் கையில் இருந்த கட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். அதே நார் ஓட்டம். அதே கணு. அதே வெட்டு. ஒரு கட்டை, இரண்டு இடத்தில் பாதி பாதி எரிந்து கிடந்தது.

காலையில் பிணத்துக்குப் போன விறகு முழுவதையும், ஒரு சுள்ளி குறையாமல், வெண்ணீற்றுநாதர் தம் அடுப்பிலும் ஏற்றுக்கொண்டிருந்தார். திரவியம் பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மூக்காண்டியாரே" என்றார். இருபது வருடத்தில் அவர் வாயில் அந்த 'ஆர்' வந்தது அன்றுதான். கைகூப்பினார்.

மூக்காண்டியார் அவரைப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் பார்த்து நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் கோபம் முழுக்க ஆறவில்லை. "இத முதல் வருசமே செஞ்சிருந்தா என்னவாம்?" என்று கேட்டார்.

அன்று பள்ளியறைக்குப் பால் காய்ச்ச, ஈரக்கல்லில் கிடந்த அடிக்கட்டைச் சிதறல்களைக் கைலாசம் ஐயர் தாமே எடுத்துப்போய் அடுப்பில் வைத்தார். மறுவருடம் முதல் மடைப்பள்ளி விறகு மூக்காண்டியார் கடையிலிருந்துதான் போயிற்று. சுடுகாட்டு விறகும் அங்கிருந்துதான் போயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் அந்த அன்னாபிஷேகத்துக்கு மறுநாள் காலை, அவர் கடையில் அடிக்கட்டை இல்லை. வெறுந்தரையில் வைத்துப் பிளந்ததில் கோடாரி மண்ணில் இறங்கி முனை மழுங்கிற்று. "போதுமா இப்ப?" என்றார் செண்பகவடிவு அம்மையார், கையில் சாம்பல் கூடையோடு. மூக்காண்டியார் முதல் கட்டையை எடுத்து மூன்று கீறல் போட்டு, "இது உமக்கு" என்றார்.

இறந்தவன் நெஞ்சில் வைத்ததைத் தமக்கு வைத்ததாகவே எடுத்துக்கொண்ட வெண்ணீற்றுநாதரையும், எரிச்சலோடு கொடுத்தாலும் கொடுக்காமல் இருக்கத் தெரியாத மூக்காண்டியாரையும் நாம் மறக்கவேண்டாம். நீறு ஒட்டாத அந்தக் காய்த்த கைகளுக்கு நம் கும்பிடு.